டிசம்பர் 31 இரவு ஆலயத்தில் என்ன நடக்கிறது? கணக்கை முடித்துவிட்டுப் புத்தாண்டுக்குள் போகும் வழக்கம்

டிசம்பர் 31ஆம் தேதி இரவு பத்து மணி. கோலாலம்பூரில் வாணவேடிக்கை பார்க்கக் கிளம்பியவர்களால் சாலைகள் நெரிகின்றன. சிங்கப்பூரில் மரினா பே பக்கம் மாலையிலிருந்தே கூட்டம். அதே நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், ஈப்போ, சுங்கை பட்டாணி, குளுவாங் என்று பல ஊர்களில் தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பங்கள் வேட்டி சேலை உடுத்தி, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் புறப்படுகின்றன.

பக்கத்து வீட்டு இந்து நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு: "கிறிஸ்துமஸ்தான் போன வாரமே முடிஞ்சிடுச்சே, இப்ப எதுக்கு நடுராத்திரியில போறீங்க?"

நியாயமான கேள்வி. கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கும் இதற்குப் பதில் தெரியாது. "அப்பா அம்மா போறாங்க, நாங்களும் போறோம்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அந்த இரவில் ஆலயத்தில் என்னதான் நடக்கிறது, புத்தாண்டுக்குள் போகும் ஒரு விசுவாசி உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஜனவரி 1 கிறிஸ்துவப் பண்டிகையா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஜனவரி 1ஆம் தேதியைப் புத்தாண்டாகக் கொண்டாடச் சொல்லி வேதாகமத்தில் எங்கும் கட்டளை இல்லை. அது பழைய ரோமர்களின் ஆண்டுத் தொடக்கம். ஜூலியஸ் சீசர் சீர்திருத்திய நாட்காட்டியில் அப்படி இருந்தது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி அந்த நாட்காட்டியைத் திருத்தினார். அதைத்தான் இன்று உலகம் பயன்படுத்துகிறது.

இடைப்பட்ட காலத்தில் கிறிஸ்துவ நாடுகளே பல தேதிகளில் புத்தாண்டைத் தொடங்கின. இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கிய நாள் மார்ச் 25. மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன திருநாள் அது. 1752இல்தான் இங்கிலாந்து ஜனவரி 1க்கு மாறியது.

திருச்சபைக்கென்று தனி ஆண்டும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட வருகைக் காலத்தில் அது தொடங்குகிறது. ஆகவே வழிபாட்டுக் கணக்கில் பார்த்தால், டிசம்பர் 31 வருவதற்குள் புது ஆண்டு பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

அப்படியானால் ஜனவரி 1க்கு ஆலயத்தில் என்ன இடம்? அது கிறிஸ்துமஸுக்கு எட்டாம் நாள். யூத வழக்கப்படி எட்டாம் நாளில் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்து, இயேசு என்று பெயரிட்டதாக லூக்கா எழுதுகிறார். லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் இந்தப் பெயர் சூட்டிய நாளை நினைவுகூர்கின்றன. கத்தோலிக்கர்களுக்கு ஜனவரி 1 மரியாள் இறைவனின் தாய் என்னும் பெருவிழா. 1968 முதல் அதே நாளை உலக அமைதி நாளாகவும் கத்தோலிக்கத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. டிசம்பர் 31 மாலை வழிபாட்டில் கடந்த ஆண்டுக்காக நன்றிப் பண் பாடுவதும் அவர்களுடைய பழைய மரபு.

ஆக, தேதி ரோமர்களுடையது. அந்தத் தேதியில் கடவுள் முன்னால் நின்று நன்றி சொல்வதும் கணக்குப் பார்ப்பதும் திருச்சபை சேர்த்தது.

சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கிய இரவு

டிசம்பர் 31 இரவில் கூடி விழித்திருக்கும் ஆராதனையை நம் ஆட்கள் 'வாட்ச் நைட்' என்றே சொல்கிறார்கள். 'விழிப்பு ஆராதனை', 'பழைய வருட ஆராதனை' என்றும் சொல்வதுண்டு. இதன் கதை தோட்டப் பாட்டாளிகளின் பிள்ளைகளான நமக்குப் பிடிக்கக்கூடிய கதை.

1730களில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியர்கள் என்ற கிறிஸ்துவக் குழுவினர் வாழ்ந்தார்கள். மத ஒடுக்குமுறைக்குத் தப்பிச் சொந்த ஊரை விட்டு ஓடிவந்தவர்கள். சின்சன்டார்ப் பிரபு தம் நிலத்தில் அவர்களைக் குடியேற அனுமதித்தார். இரவு விழித்திருந்து ஜெபிக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். குடிக்கும் சண்டைக்கும் பேர்போன இடம். ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறிய சிலர், முன்பு மதுக்கடையில் கழித்த இரவுகளைப் பள்ளிக்கூடத்தில் கூடி ஜெபத்திலும் பாட்டிலும் கழிக்க ஆரம்பித்தார்கள். இரவில் கூட்டம் போடுவது சரியில்லை, நிறுத்திவிடுங்கள் என்று வெஸ்லிக்குச் சிலர் ஆலோசனை சொன்னார்கள். அவர் யோசித்துப் பார்த்தார். ஆதித் திருச்சபையார் இரவில் விழித்து ஜெபித்ததை எண்ணிப் பார்த்தார். தடுக்கக் காரணம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மாறாக, நானும் உங்களோடு வந்து விழித்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் பௌர்ணமிக்கு அருகில் வரும் வெள்ளிக்கிழமை. காரணம் எளிமையானது. போகவும் திரும்பவும் வழியில் நிலா வெளிச்சம் இருக்கும். மின்சாரம் வராத லயன்களில் வாழ்ந்து, கையில் டார்ச் லைட்டோடு பால்மரக் காட்டு வழியாக அடுத்த டிவிஷனில் இருந்த ஜெப வீட்டுக்கு நடந்துபோன நம் பெரியவர்களுக்கு இந்தக் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1740களில் தொடங்கிய இந்த வழக்கம் முதலில் மாதத்துக்கு ஒரு முறை நடந்தது. புத்தாண்டோடு அதற்குத் தொடர்பு இல்லை. காலப்போக்கில்தான் அது ஆண்டின் கடைசி இரவில் வந்து நிலைத்தது.

1862 டிசம்பர் 31 இரவில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கூடி விழித்திருந்தார்கள். கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அளிக்கும் அதிபர் லிங்கனின் பிரகடனம் மறுநாள், 1863 ஜனவரி 1இல், நடப்புக்கு வர இருந்தது. அவர்களுக்கு அந்த இரவு வெறும் தேதி மாற்றம் அல்ல. இன்றும் அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளில் விழிப்பு ஆராதனைக்குத் தனி மதிப்பு உண்டு.

நம் பக்கம் எப்படி வந்தது?

1885 பிப்ரவரியில் மெதடிஸ்ட் ஊழியர்களான ஜேம்ஸ் தோபர்னும் வில்லியம் ஓல்டமும் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார்கள். ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். மெதடிஸ்ட் ஊழியம் விரைவிலேயே தமிழர்களிடையேயும் பரவியது. வெஸ்லியின் வழிவந்த சபை என்பதால் விழிப்பு ஆராதனை அதன் சொத்து. இன்று சிங்கப்பூர் ஷார்ட் ஸ்திரீட்டிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழ் மெதடிஸ்ட் ஆலயங்கள் இருக்கின்றன.

தமிழ் லுத்தரன்கள் வேறு வழியாக வந்தவர்கள். 1706இல் தரங்கம்பாடியில் கால் வைத்த சீகன்பால்குவில் தொடங்கும் மரபு அவர்களுடையது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சிங்கப்பூர் ஓபிர் ரோட்டில் 1888இல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து மாதா ஆலயம் பழைய தாய்வீடு. இவர்களோடு ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு. இன்று இந்தச் சபைகளில் பெரும்பாலானவை டிசம்பர் 31 இரவில் ஏதாவது ஒரு விதத்தில் கூடுகின்றன. பெயர் வேறு, முறை வேறு. நோக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொரு சுவையான செய்தி. 1981 டிசம்பர் 31 இரவு தீபகற்ப மலேசியாவின் நேரத்தை சபா, சரவாக் நேரத்தோடு இணைக்க அரை மணி முன்னால் தள்ளினார்கள். சிங்கப்பூரும் அதே போல மாற்றிக்கொண்டது. 11.30 மணி அடித்ததும் அதுவே 12 மணி ஆனது. அந்த ஒரு வருடம் மட்டும் பழைய ஆண்டுக்குக் கடைசி அரை மணி நேரம் கிடைக்கவில்லை. 'கடைசி நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று எதையும் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பிரசங்கம் கிடையாது.

அந்த இரண்டு மணி நேரம்

சபைக்குச் சபை மாறினாலும் ஆராதனையின் ஓட்டம் பொதுவாக இப்படி இருக்கும். இரவு பத்து அல்லது பத்தரைக்குத் தொடங்கும். பாடல்கள், வேத வாசிப்பு. அடுத்து சாட்சி நேரம். சபையார் ஒவ்வொருவராக எழுந்து அந்த ஆண்டில் நடந்ததைச் சொல்வார்கள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது, மகனுக்கு எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி கிடைத்தது, வேலை போய் ஐந்து மாதம் கழித்து மறுபடி கிடைத்தது. சிலர் நன்றி சொல்ல எழுந்து, அந்த ஆண்டில் இழந்தவரின் பெயரைச் சொன்னதும் பேச முடியாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் சாட்சிதான்.

பிறகு போதகரின் செய்தி. பன்னிரண்டுக்கு ஐந்து பத்து நிமிடம் இருக்கும்போது பாட்டு நின்றுவிடும். எல்லாரும் முழங்கால் போடுவார்கள். சில இடங்களில் விளக்கையும் அணைத்துவிடுவார்கள். யாரும் பேசமாட்டார்கள். ஒவ்வொருவரும் தன் பாவத்தைத் தானே கடவுளிடம் அறிக்கையிடும் நேரம் அது. வெளியே பட்டாசுச் சத்தம் கேட்கும்போது ஆலய மணியும் அடிக்கும். எழுந்து ஒருவருக்கொருவர் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். பல சபைகளில் அதன்பின் திருவிருந்து. கடைசியில் காப்பி, கேக்கு, கேசரி.

இதில் இரண்டு பகுதிகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒன்று வாக்குத்தத்த அட்டை. மற்றொன்று உடன்படிக்கை.

வாக்குத்தத்த அட்டை லாட்டரிச் சீட்டு அல்ல

வேத வசனம் அச்சிட்ட சிறு அட்டைகளைத் தட்டில் வைத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம். வீட்டுக்கு வந்து கண்ணாடி ஓரத்திலோ சாமான் அலமாரியிலோ ஒட்டிவைப்போம். நல்ல வழக்கம்தான். ஆனால் இதை ஜோசியக் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டு மாதிரி நினைக்கிறவர்களும் உண்டு. 'எனக்கு ஆசீர்வாத வசனம் வந்தது, இந்த வருஷம் வீடு வாங்கிடுவேன்' என்று ஒருவர். 'எனக்குச் சோதனை வசனம் வந்துடுச்சு' என்று பயந்து, யாரும் பார்க்காதபோது அட்டையை மாற்றி எடுப்பவர் இன்னொருவர்.

இதற்கு முன்னோடி போன்ற ஒரு வழக்கம் அதே ஹெர்ன்ஹூட் ஊரில் இருந்தது. 1728இல் சின்சன்டார்ப் பிரபு அன்றன்றைக்கு ஒரு வசனத்தைக் கொடுக்க, அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக வருகிறது. இன்றும் நிற்கவில்லை. அங்கேயும் சீட்டுப் போட்டுத்தான் வசனத்தை எடுக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். எடுத்த வசனம் எல்லாருக்கும் ஒன்றே. பணக்காரனுக்கும் வேலையாளுக்கும் அன்றைக்கு அதே வசனம். அதைக் கொண்டுபோனவர் அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு என்ன கஷ்டம் என்பதையும் பார்த்துவிட்டு வர முடிந்தது.

நம் அட்டையையும் அப்படி எடுத்துக்கொண்டால் நல்லது. வரப்போவதைச் சொல்லும் சீட்டாக அதைப் பார்க்க வேண்டாம். ஆண்டு முழுவதும் நினைத்துப் பார்க்கவும் கீழ்ப்படியவும் கொடுத்த ஒரு வார்த்தையாக எடுத்துக்கொள்வோம். ஆறுதல் வசனம் வந்தால், ஆறுதல் தேவைப்படும் இன்னொருவரிடம் அதைக் கொண்டுபோகலாமே.

உடன்படிக்கை: கேட்பதற்கு முன் கொடுப்பது

மெதடிஸ்ட் சபைகளில் ஆண்டுத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடப்பதுண்டு. 1755 ஆகஸ்ட் 11ஆம் தேதி லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் வெஸ்லி இதை முதன்முதலாக நடத்தினார். சுமார் 1,800 பேர் எழுந்து நின்று உறுதி எடுத்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்த ஜெபம் நாம் வழக்கமாகச் செய்யும் புத்தாண்டு ஜெபத்துக்கு நேர் எதிரானது. அதில் விண்ணப்பப் பட்டியல் கிடையாது. இனி நான் எனக்குச் சொந்தமல்ல, உமக்குச் சொந்தம் என்று தொடங்கி, எனக்கு வேலை கொடுத்தாலும் சரி, ஓரமாய் உட்காரவைத்தாலும் சரி, உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் சரி, நிறைவாய் வைத்தாலும் வெறுமையாய் வைத்தாலும் சரி என்று ஒப்புக்கொள்வதே அதன் சாரம். வாயால் சொல்லிவிடலாம். வேலை போன வருஷத்தில் அதை மனதாரச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் சேர்ந்து நின்று சொல்கிறார்கள். தனியாக நின்றால் தைரியம் வராது.

இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும்

புத்தாண்டுச் செய்திக்குப் போதகர்கள் அடிக்கடி எடுக்கும் பகுதிகளில் ஒன்று லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமர உவமை. தோட்டத்துக்காரர் மூன்று வருடமாக வந்து பார்க்கிறார், மரத்தில் ஒரு கனி இல்லை. வெட்டிப் போடு, இடத்தை ஏன் அடைத்துக்கொண்டிருக்கிறது என்கிறார். வேலையாள் மன்றாடுகிறார். இந்த ஒரு வருடம் மட்டும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், அப்போதும் காய்க்காவிட்டால் வெட்டிவிடலாம் என்கிறார்.

நம் ஊரில் இந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. செம்பனைக் கன்றை நட்டால் மூன்றாவது வருடத்தில் குலை தள்ளத் தொடங்கிவிடும். மூன்று வருடம் தாண்டியும் ஒன்றுமில்லை என்றால் அந்த மரத்தைப் பார்த்து நிர்வாகம் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். பால்மரத்துக்கும் காலக்கெடு உண்டு. இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் குறைந்தால் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்துவிடுவார்கள்.

உவமையில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த ஒரு வருடம் மரம் சம்பாதித்தது அல்ல. அதற்காக இன்னொருவர் பேசி வாங்கிக் கொடுத்தது. புத்தாண்டு என்பது அப்படி வாங்கிக் கொடுக்கப்பட்ட கூடுதல் வருடம் என்பதே கிறிஸ்துவப் பார்வை. போன டிசம்பரில் நம்மோடு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிலர் இந்த டிசம்பரில் இல்லை. நாம் இருக்கிறோம். நம் திறமையால் இல்லை.

உவமை முடிவு சொல்லாமலேயே நின்றுவிடுகிறது. மரம் காய்த்ததா, வெட்டினார்களா என்று லூக்கா எழுதவில்லை. அந்தப் பதில் கேட்கிறவர்களிடம் விடப்பட்டிருக்கிறது.

அப்பா ஏறிய மூன்று மாடி

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் இருந்த தோட்டம் விற்கப்பட்டு, எல்லாரும் மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறிய சமயத்தில், வீட்டு முன்பணத்துக்காக அப்பாவிடம் சித்தப்பா நாலாயிரம் வெள்ளி வாங்கினார். அது திரும்பி வரவில்லை. வார்த்தை தடித்தது. ஒரே லயனில் பிறந்து ஒரே பெரட்டில் நின்ற அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேச்சை விட்டார்கள். நாங்கள் குடியிருந்தது ஏ பிளாக். அவர்கள் சி பிளாக், மூன்றாவது மாடி.

ஒரு டிசம்பர் 31 இரவு ஒன்பது மணிக்கு அப்பா சட்டை மாட்டிக்கொண்டு, "நீங்க ஆலயத்துக்குப் போயிட்டு இருங்க, நான் தம்பி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றார். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை முந்தின ஞாயிறுதான் படித்திருந்தார்கள். அம்மாவுக்குக் கோபம். "பணத்தக் குடுக்க வேண்டியவரு அவரு. நீங்க எதுக்கு படியேறணும்?"

சித்தப்பா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே "என்ன?" என்றாராம். "ஹேப்பி நியூ இயர் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பி வந்து ஆராதனையில் உட்கார்ந்தார். அடுத்த வருடமும் போனார். அதே கம்பிக் கதவு. மூன்றாவது வருடம் சித்தி கதவைத் திறந்து, "வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். சித்தப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். அன்று ஆராதனையில் அவர் சாட்சி சொல்ல எழுந்து, "தம்பி வீட்டுல காப்பி குடிச்சேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பணம் கடைசிவரை வரவில்லை. சித்தப்பாவும் மனம் திறந்து பேசவில்லை. இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் ஒப்புரவு என்பது எதிராளி ஒத்துக்கொள்வதில் தொடங்குவதில்லை, நாம் படியேறுவதில் தொடங்குகிறது என்பதை அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

வீட்டில் செய்யக்கூடியவை

எல்லாராலும் அந்த இரவில் ஆலயத்துக்குப் போக முடியாது. பாதுகாவலர், தாதியர், தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் இருப்பவர்கள் நம் சமூகத்தில் நிறைய. ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் ஜனவரி 1 பொது விடுமுறையும் இல்லை. நடுநிசி ஆராதனை முடிந்து விடியற்காலை வேலைக்குப் போகும் ஆட்கள் ஜொகூர், கெடா தோட்டங்களில் உண்டு. ஆலயத்துக்குப் போக முடிந்தவர்களும் முடியாதவர்களும் டிசம்பர் கடைசி வாரத்தில் செய்யக்கூடிய சில காரியங்கள்:

முதலாவது, நன்றிக் கணக்கு. ஒரு தாளில் ஜனவரி முதல் டிசம்பர் வரை எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கு நேரே ஒரு நன்மையைக் குறியுங்கள். கைப்பேசியில் உள்ள படங்களைப் பார்த்தால் மறந்தது நினைவுக்கு வரும். துக்கம் நடந்த மாதத்தை வெறுமையாக விட்டாலும் பரவாயில்லை. அந்த வெற்றிடத்தையும் கடவுளிடம் காட்டலாம். எருசலேம் இடிந்து கிடந்தபோது எழுதப்பட்ட புலம்பல் நூலின் 3ஆம் அதிகாரத்தில்தான், காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பற்றிய வார்த்தைகள் வருகின்றன. எல்லாம் சரியாக இருக்கும்போது எழுதியவை அல்ல அவை.

இரண்டாவது, பற்றுக் கணக்கு. மளிகைக் கடைப் பற்று, நண்பரிடம் வாங்கிய கைமாற்று, கூட்டுக் கட்ட வேண்டிய பாக்கி, இரவல் வாங்கித் திருப்பாத பொருள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் உடனே அடைக்க முடியாமல் போகலாம். கொடுக்க வேண்டியவரிடம் போய், "மறக்கவில்லை, இந்தத் தேதிக்குள் தருகிறேன்" என்று சொல்ல முடியும். கடன்காரரைக் கண்டு ஒளிந்துகொண்டே கடவுளிடம் ஆசீர்வாதம் கேட்பது பொருந்தாது.

மூன்றாவது, ஒரு பெயர். எல்லாரோடும் சமாதானமாகிவிட வேண்டும் என்று பொதுவாக நினைத்தால் எதுவும் நடக்காது. ஒரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். நேரில் போக முடியாவிட்டால் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பும் பூப்படத்தை அவருக்கும் அனுப்புவது இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அடித்துத் துன்புறுத்தியவர் வீட்டுக்குத் தனியாகத் திரும்பிப் போக வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. மன்னிப்பது வேறு, மறுபடி ஆபத்தில் போய் நிற்பது வேறு. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் பேச வேண்டும்.

நான்காவது, நாட்களை எண்ணுதல். மோசேயின் ஜெபம் என்று வழங்கும் 90ஆம் சங்கீதத்தைக் குடும்பமாக வாசியுங்கள். கத்தோலிக்க வேதாகமத்திலும் அது 90ஆம் திருப்பாடல்தான். மனித ஆயுளை எழுபது, மிஞ்சினால் எண்பது என்று அது கணக்கிடுகிறது. எழுபது வருடம் என்றால் ஏறக்குறைய 25,550 நாள். பெரிதாகத் தோன்றும். நம் வயதைக் கழித்துப் பார்த்தால் சிறுத்துவிடும். செக்ரோலில் நாள் தவறாமல் பேர் விழ வேண்டும் என்று கவலைப்பட்ட மக்கள் நாம். வாழ்நாளுக்கும் அப்படி ஒரு செக்ரோல் இருக்கிறது.

ஐந்தாவது, ஒரே ஒரு தீர்மானம். பத்துத் தீர்மானம் எடுத்தால் தைப்பூசத்துக்குள் பத்தும் காணாமல் போய்விடும். குடியை விடுவதா, வாரத்தில் ஒரு நாள் வயதான அம்மாவைப் போய்ப் பார்ப்பதா, இரவில் கைப்பேசியை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஜெபிப்பதா, ஏதாவது ஒன்று. அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லியும் வையுங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் தீர்மானம் நிற்கும்.

இந்த ஐந்தில் பலவும் கிறிஸ்துவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சித்திரையில் ஆண்டைத் தொடங்குபவர்கள், தீபாவளிக்கு முன் பழைய கணக்கை முடிப்பவர்கள் எல்லாருக்கும் இது புரியும். கிறிஸ்துவ விசுவாசம் இதில் சேர்ப்பது ஒன்றைத்தான். கணக்கில் நாம் குறைந்துபோவோம் என்பது அதைக் கேட்கிறவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அவர் இன்னும் ஒரு வருடம் தருகிறார். அந்த நம்பிக்கையோடுதான் பன்னிரண்டு மணிக்கு முன் அந்த இருட்டில் முழங்கால் போடுகிறோம்.

அப்பா காலமாகி விட்டார். சித்தப்பா இன்னும் அதே சி பிளாக்கில், அதே மூன்றாவது மாடியில் இருக்கிறார். முழங்கால் வலி, கீழே இறங்குவதில்லை என்று கேள்வி. அப்பா போன பிறகு அந்தப் படியில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஏறவில்லை. எனக்கும் அந்த நாலாயிரம் வெள்ளி இன்னும் மனதில் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த டிசம்பர் 31 இரவு ஒன்பது மணிக்கு நான் போகிறேன்.